விண்மீன் பார்க்கப் போனவனுக்கு ஊசலைக் கொடுத்தார்கள்: வானியற்பியல் படித்த அனுபவங்கள்

வானியற்பியலோடு சேர்ந்த இயற்பியல் பட்டப்படிப்பு படித்தவர்களும் படிக்கிறவர்களும் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாமே என்று இதைத் தொடங்குகிறேன். பாடத்திட்டம் பற்றி வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கும். "இதுக்கா வந்தோம்" என்றோ "இதுக்குத்தான் வந்தோம்" என்றோ தோன்றிய ஒரு நாளைச் சொல்லுங்கள்.

முதலில் என் கதை. கருந்துளைக் கனவோடு போன எனக்கு முதல் செமஸ்டரில் கையில் கொடுத்தது ஒரு நூல், ஒரு இரும்புக் குண்டு. ஊசலை இருபது முறை ஆடவிட்டு, நேரம் பார்த்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். 9.81 வர வேண்டிய இடத்தில் 9.61 வந்தது. திரும்ப எடுத்தேன், 9.62. ஸ்டாப்வாட்ச் மேல்தான் சந்தேகம், வேறொன்று வாங்கி வந்தேன். அதே விடை. லாப் பேராசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீளத்தை எதுவரைக்கும் அளந்தே?" நூல் குண்டைத் தொடும் இடம் வரை அளந்திருந்தேன். குண்டின் மையம் வரை அளந்திருக்க வேண்டும். ஊசல் 1 மீட்டர், குண்டின் ஆரம் 2 செ.மீ. அந்த 2 சதவீதம் அப்படியே விடையில் உட்கார்ந்திருந்தது.

மூன்றாம் வருஷம் வியாழனின் நிறையைக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட். அயோ நிலவைப் பல இரவுகள் படம் பிடித்தோம். அது ஒரு சுற்று வர 1.77 நாள். அந்தக் காலம் அழகாகப் பொருந்தியது. நிறை மட்டும் 1.90 × 10²⁷ கிலோவுக்குப் பதில் 2.01 வந்தது. கெப்ளரின் சூத்திரத்தைத் திரும்ப எழுதிப் பார்க்கும்போதுதான் உறைத்தது. ஊசலில் இருந்த அதே 4π², கீழே அதே காலத்தின் வர்க்கம். மேலே மட்டும் நீளத்துக்குப் பதில் சுற்றுப்பாதை ஆரத்தின் கனம் (மூன்றாம் படி). அப்படியானால் மறுபடியும் நீளத்தில்தான் கோளாறு! படத்தில் அளந்ததை வானத்துக் கோணமாக மாற்ற, தொலைநோக்கிக் குழாயில் அச்சிட்டிருந்த குவியத் தூரத்தை நாங்கள் அப்படியே நம்பியிருந்தோம். இடைவெளி தெரிந்த இரண்டு விண்மீன்களைப் படம் எடுத்து அளவைச் சரிபார்த்தால், 2 சதவீதம் பிசகு. கனத்தில் அது 6 ஆகிவிட்டது. இரண்டு வருஷம் கழித்தும் அதே 2 சதவீதம் என்னை விடவில்லை.

* * *

ஊசல் கதைக்கு ஜோடி என்னிடம் இருக்கிறது. எச்டி 189733 என்ற விண்மீனை அதன் கோள் 2.2 நாளுக்கு ஒருமுறை கடக்கும். அப்போது வெளிச்சம் சுமார் 2.4 சதவீதம் குறையும். மாணவர்களுக்கு வசதியான இலக்கு, விண்மீனும் நல்ல பிரகாசம். அந்தச் சரிவைப் பதிவு செய்வதுதான் எங்கள் வேலை.

கேமராவுக்கு முன்னால் தூசி இருந்தால் படத்தில் வளையம் வளையமாக நிழல் விழும். அதைச் சரிசெய்ய, அந்தி வெளிச்சத்தில் வெறும் வானத்தைச் சில படம் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஃப்ளாட் என்று பெயர். அன்றைக்கு எந்த ஃபில்டர் போடுவது என்று நானும் என் லாப் ஜோடியும் வாதம் செய்து முடிப்பதற்குள் அந்தி போய்விட்டது. சரி, விடியலில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டோம்.

இரவு திரையில் வளைவு மெல்ல இறங்க ஆரம்பித்ததும் நாங்கள் துள்ளிக் குதித்ததைப் பார்த்திருக்க வேண்டும். கூட இருந்த சீனியர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். "கோள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு," என்றார். தொலைநோக்கியின் பின்தொடர்தல் சரியில்லாமல் விண்மீன் படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒரு தூசி வளையத்துக்குள் போயிருக்கிறது. நாங்கள் கண்டுபிடித்தது அந்தத் தூசியை. விடியலில் மேகம். ஃப்ளாட் எடுக்கவே முடியவில்லை. கோள் கடந்த உண்மையான சரிவும் எங்கள் தரவில் எங்கோ இருக்கிறது, பிரித்தெடுக்கத்தான் வழியில்லை. அறிக்கையில் தூசி வளையத்தின் படத்தையே போட்டு மூன்று பக்கம் எழுதினேன். நான் வாங்கியதிலேயே நல்ல மதிப்பெண் அதற்குத்தான்.

* * *

ஆக்சிஜனை உலோகம் என்று முதன்முதலில் கேட்டபோது பேராசிரியர் வாய் தவறிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே உலோகம்! வேதியியல் படிக்கும் தோழி இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்புறம் அந்த எர்க் கணக்கு. எர்க் என்பது ஜூலில் கோடியில் ஒரு பங்கு. சூரியனின் ஒளிர்திறனை வாட்டில் போட வேண்டிய இடத்தில் விநாடிக்கு எர்க்கில் போட்டு, கோடி மடங்கு பிரகாசமான சூரியனோடு ஒரு அசைன்மென்ட் கொடுத்திருக்கிறேன்.

* * *

எனக்கு "இதுக்குத்தான்" என்று தோன்றியது வகுப்பில்தான், தொலைநோக்கி பக்கமே போகாமல். புள்ளியியல் இயக்கவியலில் ஒருமுறை தோற்றவள் நான். பிடிக்கவே பிடிக்காத தாள். மறுபடி எழுதப் படிக்கும்போது இந்திய இயற்பியலாளர் மேக்நாட் சாஹாவின் 1920 சமன்பாடு வந்தது. எந்த வெப்பநிலையில் எத்தனை அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று அது சொல்லும். சூரிய நிறமாலையில் கால்சியக் கோடுகள் அவ்வளவு அழுத்தமாக இருப்பதால் அங்கே கால்சியம் நிறைய இருக்கிறது என்று அர்த்தமில்லை. சூரியனின் வெப்பம் கால்சியத்துக்குத் தோதானது, அவ்வளவுதான். ஹைட்ரஜன் கோடுகள் உச்சத்துக்கு வர ஏறக்குறைய 10,000 கெல்வின் வேண்டும், சூரியன் அவ்வளவு சூடில்லை. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் வானியலாளர் சிசிலியா பெய்ன் 1925-இல் விண்மீன்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன் என்ற விடைக்கு வந்தார். மூத்த வானியலாளர்கள் நம்பாததால், அந்த விடை உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே அவர் எழுத வேண்டியிருந்தது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, கோபத்தில். இரண்டாம் முறை தேறிவிட்டேன்.

* * *

நாங்கள் அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டி ஒரு கூம்பு ஆண்டெனா செய்து, 1420 மெகாஹெர்ட்ஸில் பால்வீதியின் ஹைட்ரஜனைப் பிடித்தோம். தனி அணு ஒன்று இந்த 21 செ.மீ. அலையைத் தானாக வெளியிட சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் ஆகும் என்று வீட்டுக்கணக்கில் போட்டிருந்தேன். அதே அலை மேஜைமேல் இருந்த திரையில் ஒரு சின்ன மேடாக எழுந்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

* * *

கூம்புக்காரரே, வானொலி வானியலில் எனக்குப் பழக்கமே இல்லை. செய்ய ஆசை. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

* * *

முதல் பெருக்கியை ஆண்டெனாவை ஒட்டியே வையுங்கள், கேபிளுக்கு இந்தப் பக்கம், கணினியை ஒட்டி, வேண்டாம். கேபிளில் கரைந்துபோன சமிக்ஞையைப் பிறகு எவ்வளவு பெருக்கினாலும் இரைச்சலும் கூடவே பெருகும். நாங்கள் மாற்றி வைத்து, ஹைட்ரஜனே இல்லாத வானத்தை இரண்டு வாரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.