ஊட்டி மலையைச் செதுக்கியது பனியாறா? புல்வெளி யார் வேலை?

வரையாடு77
ஒரு காணொளி ரெண்டு நாளா எல்லாக் குழுவிலும் சுத்துது. அதில் மூணு விஷயம் சொல்றாங்க. ஒண்ணு, ஊட்டிப் பள்ளத்தாக்குகள் பனியுகத்தில் பனியாறு அரைச்சு உண்டானவை. ரெண்டு, சரிவுகளில் கிடக்கும் உருண்டைப் பாறைகள் அந்தப் பனி உருட்டிக்கொண்டு வந்தவை. ஊட்டி பக்கத்துல இருக்கிற "அவலாஞ்சி"ங்கிற இடத்தோட பேரே (ஆங்கிலத்தில் பனிச்சரிவு) சாட்சியாம். மூணு, மேலே இருக்கும் புல்வெளியெல்லாம் சோலைக்காட்டைக் கொளுத்தியதால் வந்தது, அதனால் அங்கே மரம் நடணும். முதல் ரெண்டும் உளறல்னு தெரியும். மூணாவது சரின்னுதான் எனக்குத் தோணுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்கண்
முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர். அங்கே இன்றைய ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 12 டிகிரி. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், அதாவது சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டல மலைகள் இன்றையதைவிட 5, 6 டிகிரி குளிர்ந்திருந்தன. கழித்துப் பாருங்கள், 6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பனியாறு நிற்க சராசரி பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். வெப்பமண்டலத்தில் அன்றைய நிரந்தரப் பனிக்கோடு 4,000 மீட்டரை ஒட்டித்தான் இருந்தது. நீலகிரிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரம் போதாது.

உருண்டைப் பாறை சார்னோக்கைட். பாறையின் வெடிப்புகளில் நீர் இறங்கி, மூலைகளை முதலில் தின்னும். மூலையில் மூன்று பக்கமும் தாக்கு, விளிம்பில் இரண்டு, முகத்தில் ஒன்று. அதனால் சதுரக் கட்டி நின்ற இடத்திலேயே உருண்டையாகும், சுற்றியுள்ளது செம்மண்ணாகும், மண் கழுவிப் போனால் உருண்டை மட்டும் வெளியே தெரியும். சாலை போட மலையை வெட்டிய இடங்களில் வெங்காயத் தோல் மாதிரி உரிகிற பாறையைப் பார்க்கலாம். பனியாறு கொண்டுவந்த கல்லாக இருந்தால் பல ஊர்ப் பாறை கலந்து, முகத்தில் கீறல் விழுந்திருக்கும். இங்கே கீழே உள்ள பாறையும் மேலே உள்ள உருண்டையும் ஒன்றுதான்.

அவலாஞ்சி என்ற பெயர் 1800களின் தொடக்கத்தில் அங்கே நடந்த பெரிய நிலச்சரிவால் வந்தது. பனி அல்ல, மண்.

மூன்றாவதில் உங்களோடு முரண்படுகிறேன். அந்தப் புல்வெளி மனிதன் வருவதற்கு வெகு முன்பே இருந்தது.

நெருப்புக்கோடு
மண்கண் சார், முன்பே இருந்தது என்பதும் இன்றும் இயற்கையாகவே இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. இந்தச் சண்டை 1938இலேயே இந்தியன் ஃபாரஸ்டர் இதழில் நடந்தாயிற்று. உறைபனிதான் மரத்தைத் தடுக்கிறது, சோலையும் புல்லும் இரண்டுமே நிலையானவை என்றார் வனத்துறை அதிகாரி ரங்கநாதன். நெருப்பும் மேய்ச்சலும் நின்றால் சோலை பரவிவிடும் என்றார் என்.எல். போர் (Bor) என்ற தாவரவியலாளர். நான் போர் பக்கம்.

காரணம் எளிது. இன்றைய ஊட்டியின் மழையும் வெப்பமும் காட்டுக்குத் தாராளம். மேற்கு விளிம்பில் கேட்கவே வேண்டாம், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இவ்வளவு மழையில் புல் நிற்கிறதென்றால் யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காய்ந்த மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை, அப்போது இடியே இல்லை. ஏப்ரலில் இடி வரும்போது கூடவே மழையும் வரும். மின்னல் மூட்டும் தீ அங்கே அபூர்வம். மிச்சம் மனிதன் வைத்த தீ.

மண்கண்
ஐயா, நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில் உள்ள பீட் படிவை, அதாவது பாதி மக்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண்ணை, கேளுங்கள். 1993இல் சுகுமாரும் ரமேஷும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் வெளியிட்டது. சி3, சி4 என்பவை செடிகள் காற்றிலிருந்து கார்பனைப் பிடிக்கும் இரண்டு வழிகள். மரங்களும் குளிர்நிலச் செடிகளும் பெரும்பாலும் சி3 வகை; அவற்றில் கார்பன்-13 என்ற கனமான கார்பனின் அளவு, பொது அளவுகோலோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு −27ஐ ஒட்டி இருக்கும். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை சி4, −12ஐ ஒட்டி. செடி மக்கினாலும் இந்த முத்திரை போகாது. அடுக்கின் அளவு −20 என்றால் இரண்டுக்கும் நடுவே, சி4 பங்கு 7/15, கிட்டத்தட்ட பாதி. −15 என்றால் 12/15, அதாவது 80 சதவீதம் புல்.

அந்தப் பீட்டில் பனியுக உச்சத்து அடுக்குகள் சி4 பக்கம் சாய்ந்திருக்கின்றன. பிறகு பருவமழை வலுத்ததும் சி3 ஏறுகிறது, பிற்பாடு மறுபடி வறட்சி வந்து புல் ஏறுகிறது. அந்த மலைமேல் பழைய மனிதர்கள் விட்டுச்சென்ற கல்வட்டங்கள் பெரும்பாலும் கடந்த 2,000 ஆண்டுக்குள் அடங்குபவை. 20,000 ஆண்டுக்கு முன் அங்கே யார் எருமை மேய்த்தார்?

நெருப்புக்கோடு
மூன்று ஓட்டைகள்.

பீட் சதுப்பில் உண்டாவது. சதுப்பில் வளரும் கோரைகளில் சி4உம் உண்டு, சி3உம் உண்டு. நீங்கள் அளப்பது சதுப்பின் சொந்தச் செடிகளையா, சரிவில் இருந்த புல்லையா? மகரந்தம் பார்த்தாலும் தீராது. புல் மகரந்தம் காற்றில் மூட்டை மூட்டையாக வரும், சோலை மரங்களில் பல பூச்சியை நம்பியவை, மகரந்தம் கீழே விழுவதே கொஞ்சம்.

இரண்டாவது, பனியுகத்தில் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 180, 190 பங்குதான். அந்தப் பஞ்சத்தில் சி4 புல்லுக்குத் தானாகவே அனுகூலம். மழை குறையாவிட்டாலும் புல் ஜெயிக்கும். அதைப் பார்த்து "வறட்சி" என்று எழுதுவது அவசரம்.

மூன்றாவது வயது. 20,000 ஆண்டுப் படிவில் இன்றைய வேர் 5 சதவீத கார்பனைக் கலந்துவிட்டால் ஆய்வகம் சுமார் 16,500 என்று சொல்லும். எந்தப் புல் எந்தக் காலத்தது என்பதே நழுவிவிடும்.

மண்கண்
மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன். கலப்படம் வயதைக் குறைத்துத்தான் காட்டும். அப்படியானால் புல் இன்னும் பழையது, அது என் பக்கத்துக்கே பலம். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன், வறட்சி எவ்வளவு, கார்பன் டை ஆக்சைடு பஞ்சம் எவ்வளவு என்று கார்பன்-13 கணக்கு மட்டும் பிரித்துச் சொல்லாது. ஆனால் நம் கேள்வி புல் ஏன் வந்தது என்பதல்ல, எப்போதிருந்து இருக்கிறது என்பது. முதல் ஓட்டைக்கு மருந்து சதுப்பை விட்டுச் சரிவில் குழி தோண்டுவது.

அதிலும் செய்முறை தவறினால் எல்லாம் போச்சு. ஒரு மீட்டர் ஆழம் வெட்டி, முகத்தைச் சுரண்டிவிட்டு, கீழிருந்து மேலாக 5 அல்லது 10 சென்டிமீட்டருக்கு ஒன்று எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் புது மண் கீழே உதிர்ந்து கலக்கும். 2 மில்லிமீட்டர் சல்லடை, பிறகு இடுக்கியால் வேர் பொறுக்குதல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கார்பன்-13 அளவில் மேலடுக்கைவிடக் கீழடுக்கு 1 முதல் 3 வரை கூடுதலாகக் காட்டுவது மக்குவதால் வரும் சாதாரண மாற்றம். 3க்குக் குறைந்த வித்தியாசத்தை வைத்துக் கதை எழுதக்கூடாது. மேலே −26, கீழே −15 என்றால் பழைய புல்லின்மேல் காடு ஏறியிருக்கிறது. மேலே −14, கீழே −25 என்றால் காடு போய்ப் புல் வந்திருக்கிறது, அங்கே நீங்கள் ஜெயித்தீர்கள்.

இன்னொன்று. அந்தக் கருப்பு மேல்மண் தீ வைத்த சாம்பல் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பழைய செம்மண்ணின் அலுமினியத்தோடு மக்கு பிணைந்து உண்டானது. எரிமலைச் சாம்பலே இல்லாத ஊரில் எரிமலை மண்ணின் குணம். எடை கன சென்டிமீட்டருக்கு 0.9 கிராமுக்கும் குறைவு, கையில் எடுத்தால் பஞ்சு. ஒரு கிராம் மண்ணை 50 மில்லி ஒரு மோலார் சோடியம் புளோரைடில் கலக்கி 2 நிமிடத்தில் பி.எச். 9.5ஐத் தாண்டினால் அது இந்த வகை. கையுறை கட்டாயம், அந்த உப்பு விஷம். இப்படிப்பட்ட மண் சேர நூற்றாண்டுகள் போதாது.

நெருப்புக்கோடு
சரி, பழைய புல் என்று வைத்துக்கொள்வோம். உறைபனிதான் மரத்தைத் தடுக்கிறது என்ற ரங்கநாதன் கதைக்கு வாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, ராத்திரி பள்ளத்தில் போய்த் தேங்கும். அதாவது பள்ளத்தில்தான் உறைபனி அதிகம். ஆனால் சோலை எங்கே நிற்கிறது? பள்ளத்தில்! மேட்டில் புல். உங்கள் தத்துவம் தலைகீழாக அல்லவா இருக்கிறது?

மண்கண்
இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி இதுதான். பள்ளம் என்றால் எது என்று பிரிக்க வேண்டும். குளிர் தேங்கும் தட்டையான அடிவாரத்தில் சோலை இல்லை, அங்கே சதுப்பும் புல்லும்தான். சோலை நிற்பது ஓடை பிறக்கும் மடிப்புகளில், சரிவான இடுக்குகளில். அங்கே மண் ஆழம், காற்று மறைவு, குளிர் தேங்காமல் வடிந்துபோகும். அதோடு மரத்தின் தழைக்கூரை, தரை வானத்துக்கு வெப்பத்தை விடுவதைத் தடுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த வானத்தின் கீழ் திறந்த புல் பூஜ்யத்துக்குக் கீழே போகிற இரவில், பத்தடி தள்ளி சோலைக்குள் உறைபனி இருக்காது. பெரிய மரத்தை உறைபனி கொல்வதில்லை. திறந்தவெளியில் முளைக்கும் கன்றைக் கொல்கிறது. புல்லுக்குள் தனியே நிற்கும் ஒரே மரம் பெரும்பாலும் காட்டுப்பூவரசுதான் (ரோடோடென்ட்ரான்). அதற்குத் தடித்த பட்டை, தோல் போன்ற இலை, தீயும் தாங்கும் பனியும் தாங்கும்.

சீகைவெட்டி
ரெண்டு பேருக்கும் ஒரு சாட்சி தர்றேன். சீகை மரம் (வாட்டில், சீயக்காய் இல்லை) புல்வெளியில் காடா வளருது. ஆஸ்திரேலியக் குளிர் மரம், உறைபனியைத் தாங்கும். அப்போ மண்ணிலும் தண்ணியிலும் குறை இல்லை, கன்றுதான் பிரச்சினைன்னு மண்கண் அண்ணன் சொல்றது சரி. ஆனா பழைய சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்று தானா முளைச்சு வருது. கூரை கிடைச்சா காடு நகருதுன்னு நெருப்புக்கோடு அண்ணன் சொல்றதும் சரி.

வேலை செய்றவங்களுக்கு: சீகையை வெட்டிட்டுக் குப்பையை அங்கேயே கொளுத்தாதீங்க. விதை மண்ணுக்குள்ள பல பத்தாண்டு உயிரோட கிடக்கும், சூடு பட்டதும் ஓடு வெடிச்சு மொத்தமா முளைக்கும். தரையோட வெட்டணும், ஈரத்துல கன்றை வேரோட பிடுங்கணும், ஒரு வருஷத்தோட நிறுத்திட்டா எல்லாம் வீண். வெறும் தரையா விடாம உள்ளூர்ப் புல் தூரை நெருக்கமா நடணும், இல்லேன்னா முதல் மழையிலேயே கருமண் ஓடிடும். சோலையை ஒட்டின சீகையை மட்டும் ஒரேயடியா வெட்டாதீங்க, உள்ளே இருக்கிற சோலைக் கன்று வெளிச்சத்திலும் பனியிலும் மாட்டிக்கும்.

வரையாடு77
அப்போ காணொளி சொன்ன மரம் நடும் திட்டம்?

நெருப்புக்கோடு
மேட்டுப் புல்லில் வேண்டாம். போர் பக்கம் நிற்கும் நானே சொல்கிறேன். ஆனால் சோலை விளிம்பு தானாக வெளியே நகர்ந்தால் அதை வெட்டிப் புல்வெளியைக் காப்பாற்றுவதும் தோட்டக்கலைதான், இயற்கை அல்ல. அதில் மண்கண் சாருடன் எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை.

மண்கண்
விளிம்பு நகர்வது இரவுகள் வெப்பமானதாலா, தீ நின்றதாலா என்பது இடத்துக்கு இடம் மாறும். சரிவுக்குக் குறைந்தது மூன்று குழி தோண்டுங்கள், சீகை நின்ற இடமானால் மேல் 10 சென்டிமீட்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதன் இலையும் சி3, எண்ணைக் கெடுத்துவிடும்.