மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தனித்தனி ஹீட்டிங்: ரெண்டு வால்வு போட்டால் போதுமா?

மாடியறைவாசி:
இரண்டு தள வீடு. தண்ணீரைச் சூடாக்கிப் பைப்பில் அனுப்பும் ஒரு கேஸ் பாய்லர், அந்தச் சூட்டை அறைகளில் பரப்பும் 11 ரேடியேட்டர், அறைச் சூட்டைப் பார்த்து பாய்லரை ஓட்டி நிறுத்த எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தெர்மோஸ்டாட். அதுவும் கீழே, வாசல் கதவுக்கு நேர் எதிரே. யாராவது கதவைத் திறந்து மூடினாலே வீடே குளிர்ந்துவிட்டதாக அது முடிவு செய்துவிடும். பாய்லர் ஓடும், மாடியில் நான் வேகுவேன்.

பகலெல்லாம் மாடியறையில்தான் எனக்கு வேலை, கீழே ஆள் கிடையாது. சாயங்காலமானால் எல்லாரும் கீழே. ஆளில்லாத அறைகளுக்காக கேஸ் எரிகிறதே என்று வயிறு எரிகிறது. மோட்டார் வால்வு (மின்சாரத்தில் தானாகத் திறந்து மூடுவது) இரண்டு, தெர்மோஸ்டாட் இரண்டு வாங்கித் தளத்துக்கு ஒன்றாகப் போடலாம் என்று நினைக்கிறேன். பைப் வேலை ஓரளவு தெரியும். கேஸ் பக்கம் கை வைக்க மாட்டேன். சரிப்படுமா?

பழைய பைப்காரன்:
வால்வை இப்போதே வாங்காதீர்கள். நான் வாங்கினேன். இரண்டு வால்வும் பெட்டி பிரிக்காமல் மூன்று வருடம் அலமாரியில் கிடந்தன.

மரத்தரையைப் பெயர்த்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாய்லரிலிருந்து வெளியே போகும் சூடான பைப் தளத்துக்கு ஒன்றாகப் பிரியவே இல்லை. ஒரே பைப் கீழ்த்தளக் கூரைக்குள் வீடு முழுக்கச் சுற்றி, போகிற வழியில் ஒரு கிளை மேலே, ஒரு கிளை கீழே என்று கொடுத்துக்கொண்டே போகிறது. அதில் எந்த இடத்தில் வால்வு போட்டாலும் இரண்டு தளமும் கலந்துதான் அடைபடும். மொத்தப் பைப்பையும் மாற்ற எனக்குத் தெம்பில்லை. கடைசியில் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் நேரம் வைக்கக்கூடிய பேட்டரி வால்வு மாட்டிக்கொண்டேன். அறை குளிர்ந்தால் அதுவே பாய்லரைக் கூப்பிடும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வால்வு திறந்தபடி இருக்கும், பாய்லர் தூங்கிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் எப்படி என்று தரையைப் பெயர்க்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ராத்திரி முழுக்க ஹீட்டிங்கை அணைத்து வையுங்கள். காலையில் போட்டதும் பாய்லர் பக்கத்தில் பைப் பிரிகிற இடமாகத் தேடித் தொட்டுப் பாருங்கள். அப்புறம் மாடி ரேடியேட்டர்களை எல்லாம் மூடிவிட்டு மறுநாள் அதையே செய்யுங்கள். ஒரு கிளை மட்டும் சூடேறாமல் நின்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதுதான் மாடிக்குப் போவது. பிரிய வேண்டியது போகிற பைப் மட்டுமே, திரும்பி வருகிற பைப் சேர்ந்தே வரட்டும்.

வயரிங்கில் ஒன்றை மறக்காதீர்கள். தெர்மோஸ்டாட் நேராக பாய்லரிடம் பேசக் கூடாது. அது வால்வைத் திறக்கும். வால்வு திறந்து முடித்ததும் அதற்குள் இருக்கும் சின்ன சுவிட்ச்தான் பம்பையும் பாய்லரையும் கிளப்ப வேண்டும். அப்போதுதான் இரண்டு வால்வும் மூடியிருக்கும்போது பாய்லர் எரியாது. கழற்றும் முன் ஒயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். (நான் எடுக்கவில்லை. ஒரு வார இறுதி முழுக்கப் போனது.)

குளிர்காய்பவர்:
பைப்காரர் சொன்னதோடு பாய்லரின் அளவையும் பாருங்கள். என்னுடையது 24 கிலோவாட்; எவ்வளவு குறைத்தாலும் 7-க்குக் கீழே இறங்காது. என் மாடி ரேடியேட்டர் நாலும் சேர்ந்து வாங்குவது 4 கிலோவாட்தான். மாடி மட்டும் ஓடும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை எரியும், அணையும், திரும்ப எரியும். கேஸ் மிச்சமாவது இருக்கட்டும், பாய்லர் தேய்ந்துவிடும். கீழ்த்தள நடைபாதை ரேடியேட்டர் இரண்டை மாடியோடு சேர்த்த பிறகு கொஞ்சம் அடங்கியது.

தெர்மோஸ்டாட் இருக்கும் அறையின் ரேடியேட்டரில் தானாக மூடும் வால்வு வேண்டாம், இருந்தால் முழுக்கத் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் அது முந்திக்கொண்டு மூடிவிடும். தெர்மோஸ்டாட் கேட்கிற சூடு கிடைக்கவே கிடைக்காது, பாய்லரும் நிற்காது. மற்ற ரேடியேட்டரெல்லாம் தானாக மூடும் வகை என்றால் தானியங்கி பைபாஸ் வால்வு (ரேடியேட்டர்கள் மூடிக்கொண்டாலும் தண்ணீர் சுற்றிவர வழிவிடுவது) வேண்டுமா என்று பாய்லர் கையேட்டில் பாருங்கள். சில பாய்லருக்குள்ளேயே இருக்கும்.

கீழ்த்தளத்தைப் பகலில் ஒரேயடியாக அணைக்காதீர்கள். 15, 16 டிகிரியில் விடுங்கள். சுவர் சில்லிட்டுவிட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். சாயங்காலம் ஏற்றுவதற்கும் நேரம் பிடிக்கும்.

மாடியறைவாசி:
இரண்டு நாள் தொட்டுத் தொட்டு விரல் சுட்டுக்கொண்டேன். பாய்லர் அலமாரிக்குப் பின்னாலேயே பைப் இரண்டாகப் பிரிகிறது! ஆனால் மாடிக் குளியலறை ரேடியேட்டர் மட்டும் கீழ்த்தளக் கிளையிலிருந்து வருகிறது. எந்த மகராசன் இப்படி இழுத்தானோ. அதையும் மாடிக்கு மாற்ற வேண்டுமா?

பழைய பைப்காரன்:
விட்டுவிடுங்கள். ஒரு ரேடியேட்டருக்காகத் தரையைப் பெயர்ப்பதா? கீழ்த்தளம் ஓடும்போது குளியலறையும் சூடாகட்டும், காலையில் குளிக்கிற நேரத்துக்கு அரை மணி கீழ்த்தளத்தை ஓட விடுங்கள். ஆனால் அந்த வாசல் தெர்மோஸ்டாட்டை முதலில் இடம் மாற்றுங்கள். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், வெயிலும் கதவுக் காற்றும் படாத உள்சுவர். வால்வு போடத் தண்ணீரை எப்படியும் வடிப்பீர்கள். திரும்ப நிரப்பும்போது துரு தடுக்கும் மருந்து ஊற்ற மறக்காதீர்கள்.

மாடியறைவாசி:
தெர்மோஸ்டாட்டை நேற்றே தற்காலிகமாக உள்சுவரில் மாட்டிவிட்டேன். வால்வு இன்னும் போடவில்லை, அதற்குள் மாடியில் வேகுவது பாதி நின்றுவிட்டது. வால்வு வேலைக்கு எலக்ட்ரீஷியன் சனிக்கிழமை வருகிறார்.