ரவுட்டர் மாறியது, மெயில் நின்றது: பார்த்த கேஸ்களைப் போடுங்கள்

செந்தூல் கேபிள்:
புது ரவுட்டர் மாட்டியதும் மெயில் நின்றுவிட்டால் முதல் வேலை, கைப்பேசியில் வைஃபையை அணைத்து டேட்டாவில் பார்ப்பது. டேட்டாவிலும் வரவில்லையா? ரவுட்டரைத் திட்டிப் பயனில்லை. கணக்கை அழித்துத் திரும்பச் சேர்க்கும் வேலை மட்டும் வேண்டாம். பாப்3 (கடிதங்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) கணக்கு என்றால் பழைய கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். கணக்கோடு அவையும் போய்விடக்கூடும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வீட்டு அலுவலகம். மெயில் வருகிறது, போகவில்லை. ரவுட்டரோடு இணையச் சேவையையும் மாற்றியிருந்தார்கள். அவுட்லுக்கில் பழைய சேவையின் அனுப்பும் சர்வரே கிடந்தது, போர்ட் (சர்வரின் வாசல் எண்) 25. அப்படிப்பட்ட சர்வர்கள் பலவும் தங்கள் லைனில் இருந்து வருவதை மட்டுமே வாங்கும். ஸ்பேமுக்குப் பயந்து வீட்டு லைன்களில் 25-ஐ அடைத்து வைப்பதும் வழக்கம். மெயில் கணக்கு யாருடையதோ அவர்களுடைய சர்வரைப் போட்டு, போர்ட் 587 ஸ்டார்ட்டிஎல்எஸ், இல்லையென்றால் 465 எஸ்எஸ்எல் (இரண்டும் மறைகுறியாக்க முறைகள்). 'அனுப்பும் சர்வருக்கும் உள்நுழைவு தேவை' என்ற கட்டத்தில் டிக். வாங்குவதற்கு ஐமேப் (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும் முறை) 993, பாப்3 என்றால் 995.

பாயான் பாரு:
அண்ணே, கைப்பேசியில் மட்டும் சோதித்தால் ஏமாந்துவிடுவோம். கைப்பேசி ஆப் ஏற்கெனவே புதிய முறையில் (மெயில் நிறுவனத்தின் பக்கத்திலேயே) உள்நுழைந்திருக்கும், அது டேட்டாவில் ஓடத்தான் செய்யும். கணினியில் பழைய செயலி செத்துக் கிடக்கும், பழி ரவுட்டர்மேல் விழும். ஹாட்ஸ்பாட் போட்டு அதே லேப்டாப்பில் அதே செயலியைத் திறந்து பார்ப்பதுதான் சரியான சோதனை.

அங்கேயும் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்தால் காரணம் வேறு. வெறும் கடவுச்சொல்லோடு வரும் செயலிகளை ஜிமெயில் 2022 மே 30-லிருந்து ஏற்பதில்லை. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். அவுட்லுக்.காம், ஹாட்மெயில் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அந்த வழியும் இல்லை, புதிய முறை தெரிந்த செயலிக்குத்தான் மாறியாக வேண்டும்.

பட்டர்வொர்த் பிங்:
இரண்டு வரி மெயில் போகும், 3 எம்பி பிடிஎஃப் சேர்த்தால் அவுட்பாக்ஸிலேயே தொங்கும். இது வந்தால் நேரே எம்டியு (ஒரே பாக்கெட்டில், அதாவது ஒரு தகவல் துண்டில், போகக்கூடிய அதிகபட்ச அளவு) பக்கம் போங்கள்.

மலேசியாவின் யூனிஃபை ஃபைபரில் ரவுட்டர் பிபிபிஓஇ-யில் (பெயர், கடவுச்சொல் கொடுத்து லைனில் ஏறும் முறை) ஏறுகிறது, இணையத்துக்கு விலேன் (லைனைப் பிரிக்கும் எண்) 500. (இது தப்பினால் மெயில் மட்டுமல்ல, எதுவுமே வராது.) சாதாரணப் பாக்கெட் 1500 பைட், பிபிபிஓஇ 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால் 'சின்னதாக்கி அனுப்பு' என்று ரவுட்டர் கணினிக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை ஏதாவது ஃபயர்வால் விழுங்கிவிட்டால் கணினி அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பி ஓய்ந்துவிடும். உள்நுழைவுப் பாக்கெட்டுகள் சின்னவை, அவை தப்பிவிடும். 'லாகின் ஆகிறதே, அட்டாச்மென்ட் மட்டும் ஏன் போகவில்லை' என்று குழம்புவது இதனால்தான்.

விண்டோஸில் கருப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளையைத் தட்டுங்கள்: பிங், இடம் விட்டு ஹைஃபன் எஃப், ஹைஃபன் எல் 1464, பிறகு பிங்குக்குப் பதில் தரும் ஏதாவது ஒரு சர்வரின் முகவரி. 1464-உடன் தலைப்பு 28 சேர்ந்து 1492. பதில் வந்தால் லைன் 1492-ஐத் தாங்குகிறது, ரவுட்டரில் எம்டியு அதைவிட அதிகமாக இல்லை என்பதை மட்டும் பாருங்கள். வரவில்லையா, பத்துப் பத்தாகக் குறைத்துப் பாருங்கள். எந்த எண்ணில் பதில் வருகிறதோ அதோடு 28 கூட்டி ரவுட்டரின் வேன் (வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் எம்டியு என்று போடுங்கள். எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பாக்கெட்டை முன்பே சின்னதாக்கச் சொல்வது) என்ற அமைப்பு இருந்தால் ஆன் செய்து வையுங்கள்.

ஜெலுகோரில் ஒரு பையன் கேமுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு எம்டியுவை 1500 ஆக்கி வைத்திருந்தான். அப்பாவின் இன்வாய்ஸ் எதுவும் போகவில்லை.

செந்தூல் கேபிள்:
பிங் தம்பி சொன்ன எம்டியு சிக்கல், பழைய ரவுட்டரைக் கழற்றாமல் அதன் பின்னால் புதியதைச் சொருகினாலும் வரும். பிபிபிஓஇ முன்னால் உள்ளதில் ஓடும், பின்னால் உள்ளது அதை அறியாமல் 1500 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். புதியதை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் தரும் நிலை) மாற்றிவிடுங்கள்.

லோ யாட் வாங்கி:
மெயிலைத் திறந்ததும் 'சான்றிதழ் பொருந்தவில்லை' என்று வந்து, அதில் ரவுட்டர் கம்பெனியின் பெயர் இருந்தால், ரவுட்டரின் அமைப்பு விசார்டை (படிப்படியாக அமைக்கும் பக்கங்கள்) பாதியில் விட்டிருக்கிறீர்கள். முடியும்வரை எந்த முகவரியைக் கேட்டாலும் தன் பக்கத்தையே காட்டும் ரவுட்டர்கள் உண்டு. 'நம்பு' பொத்தானை அழுத்தாமல் விசார்டை முடியுங்கள்.

பாயான் பாரு:
சொந்த டொமைன் மெயில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பினாங்கு லிட்டில் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடை: டேட்டாவில் மெயில் வருகிறது, வைஃபையில் வரவில்லை. வைஃபையில் கடையின் இணையதளமே திறக்கவில்லை. அதுதான் துப்பு. ரவுட்டர் மாற்றிய கையோடு, மூலையில் கிடந்த பழைய டேப்லெட்டையும் வைஃபையில் சேர்த்திருந்தார்கள். அதில் பழைய கடவுச்சொல். சில நிமிடத்துக்கு ஒருமுறை தவறாக முட்டியதில் ஹோஸ்டிங் (கடையின் தளத்தையும் மெயிலையும் வைத்திருக்கும் நிறுவனம்) ஃபயர்வால் கடையின் ஐபி முகவரியையே அடைத்துவிட்டது. கடையில் எல்லாக் கருவிக்கும் வெளியே ஒரே ஐபி, ஆகவே எல்லாமே நின்றது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் புது ஐபி கிடைத்து கொஞ்ச நேரம் ஓடும். டேப்லெட்டைத் திருத்தாதவரை மறுபடி அடைபடும். திருத்திய பிறகு ஹோஸ்டிங்காரரிடம் ஐபி எண்ணைச் சொல்லித் தடையை எடுக்கச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் பிங்:
ஸ்கேன் செய்து மெயில் அனுப்பும் பிரிண்டரை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பழைய பிரிண்டர் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், டபிள்யூபிஏ3 (புதிய வைஃபை பாதுகாப்பு முறை) தெரியாது. டபிள்யூபிஏ2-இல் வைத்து, பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே புது ரவுட்டருக்குக் கொடுங்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்துகூட மாறாமல். பெரும்பாலும் தானே வந்து ஒட்டிக்கொள்ளும்.