வங்காளம், ஒடியா தெரிந்தவர்கள் உண்டா?

மக்களே, ஒரு உதவி வேண்டும். நம்ம குமரி மாவட்டத்தில் ஒரு நகராட்சி அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். விசைப்படகில் வேலை பார்க்கிற வங்காளி ஒருவர் பிறப்புச் சான்றிதழில் மகன் பெயரைச் சேர்க்க வந்தார். அவர் ‘ஷொந்தோஷ்’ என்றார், நானும் அப்படியே ‘சொந்தோஷ்’ என்று எழுதிவிட்டேன், அப்புறம் பார்த்தால் அது நம்ம சந்தோஷ்தான்! உள்ளே இருப்பவர்களுக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு, வங்காளம் சுத்தமாகத் தெரியாது. பிறந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணம் கிடையாது என்பதையே சைகையில்தான் சொன்னேன்.

என்னென்ன ஆவணம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதை வங்காளத்திலும் ஒடியாவிலும் மாற்றித் தர வேண்டும், வாசிக்கத் தெரியாதவர்களும் வருவதால் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினால் இன்னும் நல்லது. செங்கல் சூளையிலோ ஹோட்டலிலோ இந்த மொழிகள் தெரிந்தவர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள்.