சுண்ணாம்புக்கல் கோரில் ஆசிட் விட்டும் துளை விழலை, உதவி (அவசரம்)

தட்டோன்_பொண்ணு:
வணக்கம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், எண்ணெய், வாயுக் கிணத்துப் பாறைல ஆசிட் விட்டு வழி திறக்கிறதைப் பத்தி. கோர்ல (உருளையா வெட்டின பாறைத் துண்டு) நாலு மணி நேரம் ஆசிட் விட்டேன். புழு குடைஞ்ச மாதிரி வார்ம்ஹோல் விழும்னு சயா (எங்க வாத்தியார்) சொன்னார், ஒண்ணும் விழலை. முகப்பு மட்டும் தேஞ்சிருக்கு. பெர்மியபிலிட்டி (கல் வழியா திரவம் ஊடுருவிப் போற அளவு) அப்படியே இருக்கு. வியாழக்கிழமை காட்டணும். என்ன பண்றது?

ரிக்_பழசு:
என்ன கல்லும்மா? என்ன ஆசிட், எத்தனை சதவீதம்? பம்ப் எவ்வளவு வேகம்? கோர் என்ன அளவு? இதெல்லாம் சொல்லாம கேட்டா ஜோசியம்தான் பார்க்கணும்.

மோல்மீன்காரன்:
ஆசிட் பழசாயிருக்கும். மூடி சரியா போடாம வச்சா வீரியம் போயிடும். புது பாட்டில் வாங்குங்க.

மண்கல்_மாமா:
வெறும் ஹைட்ரோகுளோரிக் பத்தாது. கொஞ்சம் ஹைட்ரோஃப்ளோரிக் கலந்து விடும்மா. நம்ம மியான்மர் யேனாஞ்சவுங் எண்ணெய் வயல்ல வேலை பார்த்த என் மச்சான் அப்படித்தான் சொல்வான்.

ரிக்_பழசு:
மாமா, பிள்ளைக்கு அதைச் சொல்லாதீங்க. யேனாஞ்சவுங், சவுக் எல்லாம் மணற்கல். களிமண்ணையும் சிலிகாவையும் கரைக்கத்தான் அந்த ஆசிட். சுண்ணாம்புக்கல்ல பட்டா கால்சியம் ஃப்ளோரைடா படிஞ்சு இருக்கிற துளையையும் அடைச்சுடும். தோல்ல பட்டா எலும்பு வரைக்கும் போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாத லேப்ல அதைத் திறக்கவே கூடாது.

ஆசான்_7:
1896லயே ஃபிராஷ்ங்கிற வேதியியல்காரர் பேடன்ட் வாங்கின வேலை இது. இன்னைக்கும் பம்ப் வேகம்கூடச் சொல்லாம கேள்வி கேட்கிறீங்க. முதல்ல பாடத்தைப் படிச்சிட்டு வாங்க. எனக்குத் தெரிஞ்சு இது கல் கரையும்போது வர்ற கார்பன் டை ஆக்சைடு பிரச்சினை. பேக் பிரஷர் (கோரோட வெளிவாய்ப் பக்கம் வைக்கிற எதிர் அழுத்தம்) 1000 பிஎஸ்ஐக்கு மேல இல்லேன்னா வாயு பிரிஞ்சு வழியை மறிக்கும். பேக் பிரஷர் எவ்வளவு?

தட்டோன்_பொண்ணு:
ஸாரி. 15 சதவீத ஹைட்ரோகுளோரிக், புதுசுதான். கோர் ஒன்றரை இன்ச் விட்டம், 6 இன்ச் நீளம். இண்டியானா சுண்ணாம்புக்கல், பொராசிட்டி (கல்லுக்குள்ள இருக்கிற நுண்துளை இடம்) 15 சதவீதம். பம்ப் நிமிஷத்துக்கு 0.1 மில்லி. மெதுவா விட்டா நல்லா ஊறும்னு நினைச்சேன். முகப்பு 2 மில்லிமீட்டர் போயிருக்கு.

ரிக்_பழசு:
அந்த 0.1லதான் விஷயமே இருக்கு.

நாலு மணி நேரத்துல 24 மில்லி போயிருக்கு. 15 சதவீத ஆசிட் ஒரு மில்லி கிட்டத்தட்ட 0.22 கிராம் கல்லைத் தின்னும், அதாவது 0.082 மில்லி. 24 மில்லிக்கு 2 மில்லி கல். அதை உங்க கோரோட வாய் முழுக்கப் பரப்பினா, 15 சதவீத நுண்துளையையும் சேர்த்து, சரியா 2 மில்லிமீட்டர்தான் வரும். ஆசிட் நல்ல ஆசிட், தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கு. ஆனா உள்ளே போறதுக்குள்ள வாசல்லயே மொத்தமும் செலவாயிடுச்சு.

அதே ஆசிட் 2 மில்லிமீட்டர் விட்டத்துல கோர் முழுக்க ஒரு துளை போட்டா 5 மில்லி போதும். ஓட்டம் வேகமானா, கொஞ்சம் பெரிசா இருக்கிற துளைக்குள்ள ஆசிட் வீரியம் குறையாம நுழையும், அது இன்னும் பெருக்கும், மத்ததெல்லாம் பட்டினி கிடக்கும். அதுதான் வார்ம்ஹோல். அதுக்காக 20, 30னு ஏத்திடாதீங்க. கிளை கிளையாப் பிரிஞ்சு ஆசிட் வீணாகும். 2 மில்லில ஆரம்பிங்க. புது கோர் போடுங்க.

இன்னொண்ணு, லைன் சாதா ஸ்டெயின்லெஸ்ஸா இருந்தா அரிச்சு இரும்பு கோருக்குள்ள இறங்கும். ஆசிட் அரிக்காத ஹாஸ்டெல்லாய் உலோகக் குழாய் இருக்கான்னு சயாகிட்ட கேளுங்க.

மோல்மீன்காரன்:
எதுக்கு அமெரிக்காக் கல்லு? பா-ஆன் பக்கம் மலை மலையா சுண்ணாம்புக்கல் நிக்குது. நம்ம கல்லுல செஞ்சாத்தானே நமக்குப் பிரயோஜனம்.

ரிக்_பழசு:
அது பெர்மியன் காலத்துக் கல், ரொம்பப் பழசு, இறுகிப் போனது. சிமெண்டுக்கு உடைக்கலாம், ஆசிட் நுழைய உள்ளே இடம் வேணுமே.

மண்கல்_மாமா:
நான் கேட்கிறது வேற. நம்ம எண்ணெய்க் கிணறு எல்லாம் மணற்கல்னு நீங்களே சொன்னீங்க. அப்ப சுண்ணாம்புக்கல் ப்ராஜெக்ட் எதுக்கு?

ரிக்_பழசு:
யாதனா வாயு வயல் கடல்ல இருக்கு மாமா. 1998ல இருந்து தாய்லாந்துக்குப் போற வாயு சுண்ணாம்புக்கல்லுல இருந்துதான் வருது.

மண்கல்_மாமா:
கடல்ல இருக்கிறதை விடுங்க. யேனாஞ்சவுங்ல துவின்சா குடும்பங்க (பரம்பரையா கிணறு வச்சிருந்தவங்க) கையால கிணறு தோண்டி எண்ணெய் எடுத்தாங்க, எந்த ஆசிட்டும் இல்லாம.

ஆசான்_7:
எல்லாரும் எங்கேயோ போறீங்க. பேக் பிரஷர் கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

தட்டோன்_பொண்ணு:
2 மில்லில ஓட்டினேன். ஏழு நிமிஷத்துல பிரஷர் டிராப் (கோரோட ரெண்டு முனைக்கும் நடுவுல அழுத்த வித்தியாசம்) சடார்னு இறங்கிடுச்சு. பின்பக்கம் ஒரு சின்ன துளை. ரொம்ப நன்றி அண்ணே!!

ஆசான்_7:
பேக் பிரஷர்?

மோல்மீன்காரன்:
பா-ஆன் கல்லுல வெடிப்பு நிறைய இருக்கே, அதுக்குள்ள ஆசிட் போகாதா?

ரிக்_பழசு:
போகும். ஆனா கல்லைக் குடையாது, இருக்கிற வெடிப்பு வழியாவே ஓடிடும். வேணும்னா தனி இழை போடுங்க.