பள்ளியின் பின்படிக்கட்டைப் பூட்டி வைக்கலாமா? அவசரகாலத் திட்டத்தில் பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்?

வேளச்சேரிப் பெற்றோர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் வேளச்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய வகுப்பறை இரண்டாம் தளத்தில் உள்ளது. சென்ற பெற்றோர் கூட்டத்தின்போது, பின்படிக்கட்டின் அடியில் இருக்கும் கிரில் கேட் பூட்டப்பட்டிருப்பதையும், அதன் உட்புறம் உடைந்த பெஞ்சுகளும் ஆண்டுவிழாத் தட்டிகளும் இடுப்பு உயரத்துக்கு அடுக்கப்பட்டிருப்பதையும் பார்த்தேன். வெளியாட்கள் நுழையாமல் இருக்கத்தான் பூட்டுகிறோம், சாவி காவலாளியிடம் இருக்கிறது, தீயணைப்புத் துறையின் சான்றும் முறையாக வாங்கியிருக்கிறோம் என்று அலுவலகத்தில் பதில் சொன்னார்கள்.

2024 பிப்ரவரியில் நகரின் பல பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்து, பின்னர் அது புரளி என்று தெரிந்தது நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் முந்நூறு பிள்ளைகளை ஒரே படிக்கட்டு வழியாக எப்படி இறக்குவார்கள் என்ற கேள்வி என்னை உறுத்துகிறது. சட்டம் என்ன சொல்கிறது, நிர்வாகத்திடம் நாங்கள் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர், பெரம்பூர்

ஐயா, பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் வெளியேறும் வழியைப் பூட்டவே கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. கூரை கீற்றாக இருந்ததைப் பற்றி ஊரே பேசியது. இறங்கி ஓடப் போதுமான வழி இல்லாததைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாக நடந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பாதுகாப்பானவை என்று உறுதிசெய்த பிறகே அங்கீகாரம் தர வேண்டும், தீயணைப்புக் கருவிகள் இருக்க வேண்டும், அவற்றைக் கையாளப் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பவை அதன் ஆணைகள். விதித்தொகுப்பு கல்விக் கட்டடங்களின் படிக்கட்டுக்கு ஒன்றரை மீட்டர் அகலம் கேட்கிறது. பாதி அகலத்தைப் பெஞ்சுகள் அடைத்துக்கொண்டால், அளந்து கட்டியதற்குப் பயனே இல்லாமல் போகிறது.

சான்று என்பது ஆய்வுக்கு வந்த நாளில் இருந்த நிலைமையைச் சொல்வது. அன்று திறந்திருந்த கேட்டை மறுவாரம் பூட்டினால் அந்தத் தாள் யாரையும் காப்பாற்றாது. வெளியாட்களைப் பற்றிய அச்சம் நியாயமானதுதான். அதற்குத் தீர்வும் உண்டு. உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்ளும், வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பொருத்தச் சொல்லுங்கள்.

அடுத்த முறை போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பானையும் பாருங்கள். அதன் கழுத்தில் உள்ள சிறு வட்டமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும், பாதுகாப்பு ஊசியில் முத்திரை உடையாமல் இருக்க வேண்டும், கடைசியாகச் சோதித்த தேதி அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். முள் சிவப்பில் கிடக்கும் உருளைகளைப் பணிக்காலத்தில் நிறையவே பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியை, அரசு உதவிபெறும் பள்ளி, வடசென்னை

வணக்கம் சார். வழியும் கருவியும் சரியாக இருந்த பிறகும், மணி அடித்த முதல் ஐந்து நிமிடங்களில் யார் எதைச் செய்வது என்பது எழுத்தில் இல்லாவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-இல் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் ஒவ்வொரு பள்ளியும் தனக்கென ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. பல இடங்களில் அது ஒரு கோப்பாக அலமாரியில் உறங்குகிறது என்பது எனக்கு வருத்தம்.

நீங்கள் கேட்க வேண்டியவை எளிய கேள்விகள்தான். மெயின் சுவிட்சை அணைப்பது யார்? அவர் விடுப்பில் இருந்தால் யார்? கழிவறைகளையும் ஆய்வுக்கூடத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்குவது யார்? காலில் கட்டுப்போட்ட பிள்ளையையோ சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையையோ எந்த ஆசிரியர் தூக்கிக்கொண்டு இறங்குவார்? பேர் சொல்லிப் பதில் வர வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வருகைப் பதிவேடு வகுப்பாசிரியரின் கையோடு மைதானத்துக்கு வர வேண்டும். எங்கள் பள்ளியில் முன்பு அதைக் காலையிலேயே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவோம். இப்போது அன்றைய வருகையை எழுதிய ஒரு சிறு அட்டை வகுப்பறைக் கதவின் ஆணியிலேயே தொங்குகிறது, வெளியேறும் ஆசிரியர் கையை நீட்டி எடுத்துக்கொண்டு போகிறார். கூடும் இடம் முதன்மை வாயிலாக இருக்கக் கூடாது, ஏனெனில் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் அதே வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

பிள்ளைகளை ஒப்படைப்பது இதைவிடக் கடினமானது. பெற்றோர் வாசலில் முண்டியடிக்கும்போது, "நான் சித்தப்பா" என்று வரும் எவரிடமும் பிள்ளையை அனுப்பிவிட முடியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அழைத்துச் செல்ல உரிமையுள்ள இரண்டு மூன்று பேரின் பெயர்களை முன்கூட்டியே எழுதி வாங்கி, கையெழுத்துப் பெற்ற பின்னரே அனுப்ப வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வந்ததை நம்பி எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து தெருவை அடைத்துவிடாமல் இருப்பது பெற்றோரின் பங்கு.

கட்டடப் பொறியாளர், மடிப்பாக்கம்

தீயைப் பற்றி நல்ல விளக்கங்கள் வந்துவிட்டன. வேளச்சேரி என்பதால் மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015 வெள்ளமும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் அந்தப் பகுதியை என்ன செய்தன என்று உங்களுக்கே தெரியும். மின்மானிப் பலகையும் ஜெனரேட்டரும் தரைத்தளத்தில் எந்த உயரத்தில் உள்ளன, மின்கசிவைக் கண்டு தானே துண்டிக்கும் கருவி உண்டா என்று கேளுங்கள். விடுமுறை முடிந்து பள்ளியைத் திறக்கும் முன் ஒரு மின்பணியாளர் ஈரம் ஊறிய சுவர்களைச் சோதிப்பது கட்டாயமாக இருக்க வேண்டும்.

கட்டட உறுதிச் சான்று இருக்கிறது என்று சொல்வார்கள். அது கழிவறைத் தொகுதியையும் சுற்றுச்சுவரையும் உள்ளடக்கியதா என்று பாருங்கள், ஏனெனில் விழுவது பெரும்பாலும் அவைதான். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகே மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் பணி வேகமெடுத்தது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு சிறுமி பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். தொட்டி மூடி ஒவ்வொன்றின் மீதும் பணியாளர் ஏறி நின்று பார்க்கும் பழக்கத்துக்கு ஆகும் செலவு எதுவும் இல்லை, ஆனாலும் நடப்பதில்லை.

வேளச்சேரிப் பெற்றோர்

மூவருக்கும் மிக்க நன்றி. தாழ், வருகை அட்டை, தொட்டி மூடிகள் ஆகியவற்றை முதலில் எழுதிக் கொடுக்க இன்னும் சில பெற்றோர் என்னுடன் வர ஒப்புக்கொண்டுள்ளனர். நிர்வாகம் அசையவில்லை என்றால் யாரை அணுகுவது? ஒத்திகை நடத்தச் சொல்லிக் கேட்க நாங்கள் உரிமை உள்ளவர்கள்தானா?

ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர், பெரம்பூர்

தாராளமாகக் கேட்கலாம். கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் அந்த நகலை இணைத்து அனுப்புங்கள். ஒத்திகைக்குப் பள்ளி நிர்வாகம் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் வீரர்கள் வந்து செய்து காட்டுவார்கள். ஒத்திகையை முன்னறிவித்த நாளில் மட்டும் வைக்காமல், ஒரு முறையாவது மதிய உணவு இடைவேளையில், முன்படிக்கட்டை நாடா கட்டி மறித்துவிட்டு நடத்தச் சொல்லுங்கள்; பின்படிக்கட்டின் நிலைமை அப்போது எல்லோருக்கும் கண்கூடாகத் தெரிந்துவிடும்.