மெரினால மண்ணு ஏறிக்கிட்டே போகுது, திருவொற்றியூர்ல மட்டும் கடல் ஏன் உள்ள வருது?

நார்த்மெட்ராஸ்_பையன்:
ரொம்ப நாளா ஒரு டவுட். நாங்க திருவொற்றியூர் பக்கம். எங்க ஆயா கல்யாணமாகி வந்த புதுசுல வீட்டுக்கு எதிர்ல நல்ல அகலமா மண்ணு இருந்துச்சாம், கட்டுமரமெல்லாம் இழுத்து போட்டிருப்பாங்களாம், அதுக்கு பின்னாடி வலை காயுமாம், அப்புறம்தான் வீடு. இப்ப போனா ரோட்ட தாண்டுனா கருங்கல்லு, கல்லுக்கு அந்தாண்ட தண்ணி, அவ்ளோதான். மெரினா போனா தண்ணில கால் நனைக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ செருப்ப கழட்டி மண்ண உதறணும். ஒரே ஊரு, ஒரே கடல்தானே? ஃப்ரெண்டு க்ளோபல் வார்மிங்குன்றான். அப்டின்னா மெரினாவும்ல முழுகணும்?

அடையாறு_ஆமை:
கடல் மட்டம் ஏறுறது உண்மைதான், ஆனா நீங்க சொல்ற வித்தியாசத்துக்கு காரணம் ஹார்பர். நம்ம பக்கம் அலை கரைய சாய்வா வந்து அடிக்கும், அடிக்க அடிக்க மண்ணு கொஞ்சம் கொஞ்சமா நகரும். தென்மேற்கு பருவக்காத்து மாசங்கள்ல தெக்கேருந்து வடக்க போகும், வாடை அடிக்கிற ரெண்டு மூணு மாசம் திரும்பி தெக்க வரும், கழிச்சு பாத்தா வடக்க போறதுதான் ஜாஸ்தி, வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். 1875க்கு முன்னாடி இங்க ஹார்பரே கிடையாது, கப்பல் தள்ளி நிக்கும், ஆளு சரக்கு எல்லாம் மசூலான்னு பலகைய கயிறால தைச்சு செஞ்ச படகுல அலைய தாண்டி கரைக்கு வரணும். அந்த வருஷம் வேலைய ஆரம்பிச்சு கடலுக்குள்ள கல்லு சுவர நீட்டுனாங்க, 1881 புயல்ல பாதி போச்சு, மறுபடி கட்டுனாங்க. ஹார்பருக்கு தெக்க மெரினா, வடக்க உங்க திருவொற்றியூர். வடக்க போயிட்டிருந்த மண்ணு அங்க முட்டி நின்னுடுச்சு. முன்னாடி இப்ப இருக்குற பீச் ரோட்டுக்கு கிட்ட வரைக்கும் அலை வந்த எடம்தான் மெரினா. கவர்னர் கிராண்ட் டஃப் 1884ல நடைபாதை போட்டு அந்த பேர வெச்சது கூட ஹார்பர் வந்ததுக்கு அப்புறம்தான். உங்க பக்கம் வர வேண்டிய மண்ணு மேலதான் நாங்க பஜ்ஜி சாப்புட்டுட்டு இருக்கோம்னு வெச்சுக்கோங்க.

இதுல காமெடி என்னன்னா ஹார்பரையும் மண்ணு விடல. மொதல்ல வாசல் கிழக்க பாத்துதான் இருந்துச்சு, அத மண்ணு அடைக்க ஆரம்பிச்சதும் மூடிட்டு வடகிழக்கு பக்கமா திருப்பி வெச்சாங்க.

காசிமேடு_கடல்:
மேல சொன்னது கரெக்ட். எங்க பெருசுங்க இதெல்லாம் படிச்சு சொல்லல, வெள்ளம், அதான் கடல் நீரோட்டம், எந்த பக்கம் ஓடுதுன்னு பாத்துட்டுதான வலையே போடுவாங்க, தெக்கேருந்து வடக்க போற தெண்டி வெள்ளம் ஓடுனா மண்ணு எங்க போகும்னு சின்ன பசங்களுக்கு கூட தெரியும். ஆனா வீடு போனத மட்டும் பேசுறீங்க, தொழில் போனத யாரும் பேச மாட்றீங்க. கரைவலை இழுக்கணும்னா ரெண்டு பக்கமும் ஆளுங்க வரிசையா நின்னு இழுக்க மண்ணு வேணும், கட்டுமரம் ஏத்தவும் மண்ணு வேணும். கல்லு கொட்டுன கரைல எதுவும் முடியாது, அலைல வந்து மோதுனா மரம் ஒடையும், வலை கல்லு இடுக்குல மாட்டி கிழியும். அதனால எல்லாரும் காசிமேட்டு மீன்பிடி ஹார்பருக்கு வந்து எடத்துக்கு அடிச்சுக்குறோம், சொந்த மரம் வெச்சிருந்தவன் பையன் இன்னிக்கு அடுத்தவன் லாஞ்சுல (விசைப்படகு) கூலிக்கு போறான். கல்லுல நண்டு கிடைக்குது, தூண்டில் போட்டா மீனும் கிடைக்குது, அத இல்லன்னு சொல்லல, குடும்பம் நடத்த பத்தாது.

சிவில்_சிங்காரம்:
எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல தூண்டில் வளைவு, அதான் கரைலேருந்து கடலுக்குள்ள நீட்டுற கல்லு சுவர், போட்டிருக்காங்களே, ரெண்டு வளைவுக்கு நடுவுல மண்ணு சேர்ந்துதான் இருக்கு. இன்னும் நாலு போட்டா முடிஞ்சுது. எதுக்கெடுத்தாலும் வெள்ளக்காரன் கட்டுன ஹார்பர திட்டுறத விட்டுட்டு வேலைய பாக்கலாம்.

அடையாறு_ஆமை:
@சிவில்_சிங்காரம் தூண்டில் வளைவும் குட்டி ஹார்பர்தான் சார். அது தெக்கால தேக்குற மண்ணு கடைசி வளைவுக்கு வடக்க இருக்குற குப்பத்துக்கு போகாது, அங்க அரிப்பு ஆரம்பிக்கும், அவங்களும் வளைவு கேப்பாங்க, அது முடியுமா? பாண்டிச்சேரில 80கள் கடைசில ஹார்பர் கட்டுனதும் காந்தி சிலை முன்னாடி இருந்த பீச்சே போயி கல்லு கொட்டுனாங்க. அப்புறம் பள்ளிக்கரணைல இருக்குற நம்ம என்ஐஓடி (தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆளுங்க அலை வேகத்த குறைக்க தண்ணிக்குள்ள இரும்புல ஒரு செயற்கை ரீஃப் (திட்டு மாதிரி) எறக்குனாங்க, கொஞ்ச தூரத்துக்கு மண்ணு திரும்பி வந்துச்சு. இன்னொரு வழி தெக்கால சேர்றத அள்ளி வடக்க கொட்டுறது, விசாகப்பட்டினத்துல ஹார்பர்ல தூர் வார்ற மண்ண பீச்சுல போடுறாங்க. செலவு வருஷா வருஷம் ஆகும், அதான் இங்க யாருக்கும் ஆசை இல்ல, கல்லுன்னா ஒரு தடவ கொட்டிட்டு போட்டோ எடுத்துக்கலாம்.

அப்புறம் கூவம். நேப்பியர் பாலத்த ஒட்டி அது கடல்ல சேர்ற எடம் ஹார்பருக்கு நேரா தெக்க, அங்கதான் மண்ணு குவியுது. ஆத்துல மழை காலம் தவிர அத தள்ளுற வேகம் இல்ல, முகத்துவாரம் அடைச்சுக்கும், பொக்லைன் வெச்சு தோண்டுவாங்க, திரும்ப அடைச்சுக்கும். சாக்கடைய விட்டது நாம, அது வெளிய போகாம நிக்கிறதுக்கு இந்த மண்ணும் ஒரு காரணம்.

நார்த்மெட்ராஸ்_பையன்:
தேங்க்ஸ் எல்லாருக்கும். ஆயாகிட்ட சொன்னேன், "அப்ப மெரினாவுல பட்டா எனக்கா"ன்னு கேக்குது 😄 சீரியஸா ஒண்ணு, எங்க மாமா பழவேற்காடு பக்கம் கடலோரமா எடம் பாக்குறாரு. அங்கயும் இதே கதையா?

காசிமேடு_கடல்:
வேணாம்னு சொல்லு தம்பி. எண்ணூர்ல 2001லேருந்து காமராஜர் துறைமுகம், அதுக்கு வடக்க காட்டுப்பள்ளி துறைமுகம். காட்டுப்பள்ளிக்கு வடக்க பழவேற்காடு வரைக்கும் இந்த பக்கம் கடல், அந்த பக்கம் உப்பங்கழி, நடுவுல இருக்குறது மெல்லிசான ஒரு மண்ணு திட்டு, அதுவும் அரிச்சுட்டு இருக்கு.

அடையாறு_ஆமை:
ப்ரோக்கர் சொல்றத நம்பாம மாமாவ கூகுள் எர்த்ல டைம்லாப்ஸ் (வருஷா வருஷம் எடுத்த சேட்டிலைட் படம்) ஓட்டி பாக்க சொல்லுங்க, 1984லேருந்து இருக்கு. காட்டுப்பள்ளிக்கு தெக்கயும் வடக்கயும் மாத்தி மாத்தி பாருங்க. புடிச்சிருந்தாலும் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) மேப்ல அந்த சர்வே நம்பர் எதுல வருதுன்னு பாக்காம அட்வான்ஸ் குடுக்க வேணாம்.